ஓரிரவுத் தங்கல்: நகர மையமா, புறநகரா?

நெடும்பயணத்தின் நடுவே ஒரு பெருநகரில் ஓர் இரவும் அரைநாளும் மட்டுமே வாய்க்கும் தம்பதியர், காரோடு மையத்துக்குள் நுழைவதா, புறநகர் ரயில் நிலையத்தருகே அறை எடுப்பதா என்று தயங்குவது இயல்பே.

செலவு: மையத்தில் அறை வாடகையோடு வாகன நிறுத்தக் கட்டணமும் பெரும்பாலும் தனியே சேரும், புறநகரில் நிறுத்துமிடம் பல விடுதிகளில் அறையோடு கிடைப்பதால், இருவருக்கான ரயில் கட்டணமே கூடுதல்.

வாகனம்: உயர்ந்த கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால், கைப்பேசி வரைபடத்தின் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும், ஒருவழிச் சாலையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால், ஓட்டுபவருக்கும் வழி சொல்பவருக்கும் இடையே மூளும் வாக்குவாதத்தை நான் நன்கு அறிவேன். காரின் கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. நிலத்தடி நிறுத்துமிடங்கள் பலவற்றில் உயர வரம்பு ஏறத்தாழ 2 மீட்டர்தான். புறநகரில் இத்தொல்லைகள் குறைவு.

நேரம்: மையத்தில் இரவு உணவுக்குப் பின்னும் காலாற நடக்கலாம், புறநகரிலோ கடைசி ரயிலின் நேரம் மாலை முழுவதும் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும்.

மறுநாள் விடியலிலேயே புறப்பட வேண்டியவர்களுக்குப் புறநகரே பொருந்தும். இரவு நகரைக் காண்பதற்கென்றே வண்டியை நிறுத்துவோர் மையத்தைத் தேர்ந்தெடுக்கலாம், நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்துகொண்டு.