வக்கீல் இல்லாமல் கிரீன் கார்டு புதுப்பித்தல்: ஐ-90 இணையச் சேவை எப்படி இருக்கிறது?

10 வருட கிரீன் கார்டைப் புதுப்பிக்க வக்கீலுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலானவர்களுக்கு வீண் செலவு. அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இருக்கும் ஐ-90 படிவத்தை நிதானமாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். இந்தப் படிவத்தில் வாதாடி வாங்க வேண்டியது எதுவும் கிடையாது. தேதி முடிவது அட்டைக்குத்தான், உங்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு அல்ல. நீங்கள் யார், அட்டையில் என்ன இருக்கிறது, இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி.

ஆனால் இந்தப் படிவம் எல்லோருக்கும் ஆனதல்ல. திருமண வழியில் கிடைத்த 2 வருட நிபந்தனை அட்டை வைத்திருப்பவர்கள் ஐ-90 பக்கமே போகக்கூடாது, அவர்களுக்கு ஐ-751. முதலீட்டு வழியில் வந்தவர்களுக்கு ஐ-829. தவறான படிவத்தைப் போட்டால் கட்டிய பணம் திரும்பாது. அதைவிடப் பெரிய ஆபத்து, சரியான படிவத்துக்கான கெடு அதற்குள் தாண்டிவிடுவது.

இன்னும் இரண்டு வகையினர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒன்று, எவ்வளவு பழையதானாலும் கைதோ வழக்கோ தண்டனையோ பதிவில் இருப்பவர்கள். கைரேகை எடுத்ததும் பின்னணிச் சோதனை ஓடும். 2025 பிப்ரவரியில் வந்த கொள்கைக்குப் பிறகு, நாடு கடத்த இடமிருப்பதாகத் தெரிந்தால் குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்பும் வரம்பை யுஎஸ்சிஐஎஸ் விரிவாக்கியிருக்கிறது. இரண்டு, நீண்ட காலம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்கள். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த கிரீன் கார்டோடு வருடத்தில் பெரும்பகுதியைத் தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ கழிக்கும் பெற்றோர் இந்த வகையில் அடிக்கடி சிக்குகிறார்கள். ஒரே பயணத்தில் 180 நாளைத் தாண்டினாலே எல்லையில் கேள்வி வரலாம். ரீ-என்ட்ரி பெர்மிட் (நீண்ட நாள் வெளியே இருந்து திரும்புவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதி) இல்லாமல் ஒரு வருடம் தாண்டினால் வசிப்புரிமையே கேள்விக்குள்ளாகும். இவர்கள் படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது குடியேற்ற வக்கீலோடு பேசிவிடுவது நல்லது. வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் உண்மையிலேயே பயன்படும் இடம் அதுதான்.

மற்றவர்களுக்கு வருவோம். அட்டை முடிய 6 மாதம் இருக்கும்போது விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் போட்டால் நிராகரிக்க வாய்ப்புண்டு. இணையத்தில் 415 டாலர், தாளில் அனுப்பினால் 465. கைரேகைக்குத் தனிக் கட்டணம் இல்லை. வருமானம் குறைவு என்று கட்டண விலக்கு கேட்பவர்கள் ஐ-912 படிவத்தையும் சேர்த்துத் தாளில்தான் அனுப்ப வேண்டும், இணையம் அவர்களுக்கு உதவாது. கட்டணம் மாறக்கூடியது என்பதால் அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்கள் பல அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, படிவம் நிரப்பித் தருவதற்கென்று தனியாகப் பணம் வாங்குகின்றன. படிவம் இலவசம். முகவரி டாட் கவ் என்று முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கிரீன் கார்டு கிடைத்து 5 வருடம் (அமெரிக்கக் குடிமகனை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 வருடம்) ஆகியிருந்தால் என்-400 போட்டுக் குடியுரிமைக்கே போகலாம். இணையத்தில் அதற்கு 710 டாலர், அதாவது ஐ-90-ஐ விட 295 அதிகம். என்-400 ரசீதே பழைய அட்டையை 24 மாதம் நீட்டித்துக் கொடுக்கும். குடியுரிமை வாங்கும் எண்ணம் இருப்பவர் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டத் தேவையில்லை, என்-400-க்கு மட்டும் கட்டினால் போதும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்க வேண்டும் என்பதால் பலர் கிரீன் கார்டோடே இருக்க விரும்புகிறார்கள். அது நியாயமான முடிவுதான், அவர்களுக்கு ஐ-90.

தளத்தில் கணக்குத் திறப்பது எளிது. பாதியில் நிறுத்தினால் வரைவு 30 நாள் இருக்கும், பிறகு அழிந்துவிடும். முதல் கேள்வியே விண்ணப்பக் காரணம். அட்டை முடிந்துவிட்டது அல்லது 6 மாதத்துக்குள் முடியப்போகிறது என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைந்த அட்டை, பெயர் மாற்றம், அரசே செய்த அச்சுப் பிழை எல்லாம் தனித்தனிக் காரணங்கள். காரணம் மாறினால் கேட்கும் ஆவணமும் மாறும், சில இடத்தில் கட்டணமும் மாறும்.

அடுத்து வரும் விவரங்கள் பெரும்பாலும் அட்டையிலேயே இருக்கின்றன. 'யுஎஸ்சிஐஎஸ் நம்பர்' என்று அச்சிட்டிருக்கும் 9 இலக்கம்தான் படிவம் கேட்கும் ஏ-நம்பர். 'கேட்டகரி' என்று இருப்பதுதான் கிளாஸ் ஆஃப் அட்மிஷன். 'ரெசிடென்ட் சின்ஸ்' தேதிதான் வசிப்புரிமை கிடைத்த நாள். குடியேற்ற விசா எங்கே வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு, இந்தியாவிலிருந்து தூதரக வழியாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மும்பை என்பதே விடை. ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தபடி அமெரிக்காவிலேயே கிரீன் கார்டுக்கு மாறிக்கொண்டவர்கள் விண்ணப்பித்த யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்தை எழுத வேண்டும். உயரம் அடி-அங்குலத்தில், எடை பவுண்டில்.

நம்மவர்களை அதிகம் திணறடிப்பது பெயர்க் கட்டம்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அதனால் ஒருவருக்கே பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி, கிரீன் கார்டில் மூன்றாவது மாதிரி என்று பெயர் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். புதுப்பிக்கும் சாக்கில் இதைச் சரிசெய்துவிடலாம் என்று புதிய வரிசையில் எழுதாதீர்கள். இப்போதைய அட்டையில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். உண்மையிலேயே சட்டப்படி பெயர் மாறியிருந்தால் காரணத்தையும் அப்படித் தேர்ந்தெடுத்து, திருமணச் சான்றிதழோ நீதிமன்ற உத்தரவோ இணைக்க வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை கேட்பதில்லை.

சாதாரணப் புதுப்பித்தலுக்கு இணைக்க வேண்டியது அட்டையின் நகல் மட்டும்தான். முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டு விடுபவர்கள் நிறைய, பின்பக்கமும் வேண்டும். பிளாஷ் வெளிச்சம் அடித்து எண் மறைந்த படம், ஓரம் வெட்டுப்பட்ட படம், இவைதான் கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வரக் காரணமாகின்றன. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் தேவையில்லை.

பெற்றோருக்குப் பிள்ளைகள் நிரப்புவது நம் வீடுகளில் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் கணக்கு அப்பா பெயரில், அம்மா பெயரில் தனித்தனியாக இருக்கட்டும். தயாரித்தவர் என்ற பகுதியில் பிள்ளையின் விவரமும், ஆங்கிலத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் பகுதியும் நிரப்ப வேண்டும். கையொப்பமிடும் முன் ஒவ்வொரு பதிலையும் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கையொப்பத்துக்குப் பொறுப்பு அவர்களுடையது. நாடு கடத்தல் உத்தரவு உண்டா, வசிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் ஐ-407 எப்போதாவது போட்டீர்களா என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமலே 'இல்லை' போடாதீர்கள். விமான நிலையத்தில் அவசரத்தில் என்ன தாளில் கையெழுத்துப் போட்டோம் என்று பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பணம் கட்டியதும் ஐஓஇ என்று தொடங்கும் ரசீது எண் வரும். இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் அந்த ரசீதுதான். 2024 செப்டம்பர் 10 முதல், முறையாகப் போட்ட ஐ-90-இன் ரசீது பழைய அட்டையை அதன் காலாவதித் தேதியிலிருந்து 36 மாதம் நீட்டிக்கிறது. முன்பு அது 24 மாதம். புதிய அட்டை தாமதமானாலும் வேலைக்கும் பயணத்துக்கும் இடைஞ்சல் இல்லை. ஊருக்குப் போகும்போது அசல் ரசீதையும் பழைய அட்டையையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். திரும்பும்போது சென்னை செக்-இன் கவுண்டரில் தேதி தாண்டிய அட்டையை மட்டும் நீட்டினால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். வேலையில் சேர்ந்தபோதே கிரீன் கார்டைக் காட்டி ஐ-9 (வேலை செய்ய அனுமதி உண்டா என்று நிறுவனம் சரிபார்க்கும் படிவம்) முடித்தவரிடம், அட்டை முடிந்தது என்று நிறுவனம் மறுபடி கேட்கக் கூடாது என்பதும் விதி. அட்டை தொலைந்தவருக்கு இந்த நீட்டிப்பு உதவாது. அவர் வாடிக்கையாளர் மையத்தை அழைத்து ஏடிஐடி முத்திரை (வசிப்புரிமைக்கான தற்காலிகச் சான்று) கேட்க வேண்டும்.

கைரேகைக்கு அழைப்பு வந்தால் கடிதத்தையும் அட்டையையும் கொண்டுபோங்கள். சிலருக்குப் பழைய கைரேகையே போதும் என்று அறிவிப்பு வரும். தேதி ஒத்துவராவிட்டால் அந்த நாளுக்கு முன்பே கணக்கில் நுழைந்து மாற்றலாம். சொல்லாமல் தவறவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து சரியாகப் பதியாமல் மறுபடி அழைப்பதுண்டு, பயப்பட வேண்டாம். சில நாள் முன்பிருந்தே கையில் கிரீம் தடவி வந்தால் நன்றாகப் பதியும்.

குறை என்றால் இரண்டு. தவறான காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் தடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சந்தேகம் கேட்டால் முதலில் எம்மா என்ற தானியங்கி அரட்டைதான் பதில் சொல்லும்; மனிதரைப் பிடிக்கப் பொறுமை வேண்டும். இரண்டாவது, அட்டை தபாலில் வருகிறது. வீடு மாறினால் 10 நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ் கணக்கிலேயே முகவரியை மாற்றுங்கள். தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது. அப்பார்ட்மென்ட் எண்ணும், தபால் பெட்டியில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

புதிய அட்டை கைக்கு வந்த அன்றே பெயர், பிறந்த தேதி, கேட்டகரி, ரெசிடென்ட் சின்ஸ் நான்கையும் பழைய அட்டையின் நகலோடு ஒப்பிடுங்கள். பிழை அவர்களுடையது என்றால் திருத்தம் இலவசம். நீங்கள் படிவத்தில் எழுதிய பிழை என்றால் மறுபடியும் முழுக் கட்டணம்.