கழிவுநீர் எதிர்த்து வரும் வீட்டுக்கு ஒருவழி வால்வு: ஒரு மதிப்பீடு

தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பும்போதெல்லாம் தரைத்தளக் குளியலறைக்குள் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு வரும் வீடுகளுக்கு, பிளம்பர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது நான்-ரிட்டர்ன் வால்வு எனப்படும் ஒருவழி வால்வைத்தான். எங்கள் வீட்டின் 110 மி.மீ. வெளியேற்றுக் குழாயில் இதைப் பொருத்திய பின் தெருச் சாக்கடை உள்ளே ஏறியதில்லை. எனவே வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால், அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. மழை நாளில் மட்டும், அக்கம்பக்கத்து வீடுகளிலும் சேர்ந்தே நீர் ஏறுமானால் கோளாறு பொதுக்குழாயில் இருக்கிறது. அதற்கு வால்வு உதவும். வெயில் நாளில் உங்கள் துணி துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும்போது தரைத்துளையில் நுரை பொங்குமானால் உங்கள் குழாயிலேயே வேரோ, எண்ணெய்ப் பிசுக்கோ, தொய்வோ இருக்கக்கூடும். அங்கே வால்வு இன்னொரு தடையாக மட்டுமே நிற்கும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு வீணல்ல.

கருவியின் அமைப்பு மிக எளிது. பி.வி.சி. பெட்டிக்குள் கீல் வைத்த ஒரு தகடு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், மேலே திருகாணி போட்ட மூடி, மின்சாரம் தேவையில்லை. தெருப்பக்கம் நீர் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறி நின்றால் தகட்டின் மேல் ஏறத்தாழ ஒன்பது கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும் என்பதால், நீர் ஏற ஏற மூடல் இறுகத்தான் செய்யும். தொல்லை வருவது தொடக்கத்தில், அழுத்தம் குறைவாக இருக்கும்போதுதான். ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தபோது, தலைமுடிச் சுருளோடு பின்னிக்கொண்ட ஈரத் துடைப்புத்தாளின் கிழிசல் ஒன்று ரப்பர் வளையத்தின் அடிவிளிம்பில் படிந்திருந்தது. அந்த மெல்லிய இடைவெளியே போதும், கரிய நீர் கசிந்து உள்ளே வர. மழைக்காலத்துக்கு முன்பும் இடையிலும் கையுறை அணிந்து இதைத் துடைத்தாக வேண்டும். ஆகவே எளிதில் கை எட்டாத ஆழத்தில் புதைக்கப்பட்ட வால்வு, இல்லாத வால்வுக்குச் சமம். திறக்காமலேயே உள்ளே பார்க்க உதவும் ஒளிபுகும் மூடி கொண்ட மாதிரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத குறை ஒன்று உண்டு. தகடு மூடியிருக்கும் வரை தெருநீர் உள்ளே வராது என்பது எவ்வளவு உண்மையோ, உங்கள் வீட்டு நீர் வெளியே போகாது என்பதும் அவ்வளவு உண்மை. மாடியில் ஒருவர் குளித்தால் அந்த நீர் கீழ்த்தளத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் வீட்டைக் கட்டியவர் மொட்டைமாடி மழைநீரையும் இதே குழாயில் இணைத்திருந்தார். நூறு சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தாலே இரண்டாயிரம் லிட்டர் ஆகிவிடும். வால்வு மூடிக்கொண்டதும் அவ்வளவும் குளியலறையைத் தேடி வந்தது. வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை. மழைநீரை முற்றிலும் தனியாகப் பிரித்து, மாடிக் கழிவுக் குழாயை வால்வுக்கு அப்பால் தெருப்பக்கத்தில் சேர்த்த பிறகே நிலைமை சீரானது. மழை நீடிக்கும்போது கீழ்த்தளத்தில் யாரும் நீர் ஊற்றக் கூடாது என்பது இன்றும் எங்கள் வீட்டில் சட்டம். (விருந்தினருக்கு இதை விளக்குவது சற்றுச் சங்கடம்தான்.) சாலை மட்டத்துக்குக் கீழே நிலவறை உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது, கழிவுநீரை மேலே ஏற்றும் பம்பும் வேண்டும்.

பொருத்தும்போது பெட்டியின் மேலுள்ள அம்புக்குறி தெருவை நோக்கியிருக்கிறதா, குழாயின் சரிவு குறையவில்லையா என்று நேரில் பாருங்கள். ஐரோப்பியத் தரநிலையான இ.என். 13564 இத்தகைய கருவிகளை வகை பிரிக்கிறது; இரண்டு தானியங்கித் தகடுகளோடு, கையால் அடைக்கும் வசதியும் கொண்ட ‘வகை 2’, ஒற்றைத் தகட்டை விட நம்பகமானது. மூடியின் திருகாணிகள் தளர்ந்திருந்தால் அழுத்தம் ஏறும்போது கழிவுநீர் அவ்வழியாகவே பீறிடும் என்பதால், ஒவ்வொரு முறை துடைத்த பின்பும் அவற்றை இறுக்க மறக்கக் கூடாது.

நான் வாங்கிய மாதிரியில் எனக்குள்ள பெரிய மனக்குறை, ரப்பர் வளையம் தனி உதிரியாகக் கிடைக்காததுதான். வளையம் நாளடைவில் கெட்டிப்பட்டால் முழுப் பெட்டியையும் தோண்டி எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். வளையமும் தகடும் தனித்தனியே விற்கப்படுகின்றனவா என்று கடையில் கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.