சர்வதேச நாணய நிதியத்தின் கணிப்புத் தொகுப்பு: ஐந்தாம் ஆண்டு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வளரும் நாடு ஒன்றின் எதிர்கால வளர்ச்சியை அலசுபவர்கள் முதலில் திறப்பது சர்வதேச நாணய நிதியத்தின் ‘உலகப் பொருளாதாரக் கண்ணோட்டம்’ தரவுத்தளத்தைத்தான். இலவசம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முழுப் பதிப்பு வரும். 190க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு, ஐந்து ஆண்டுகள் வரை கணிப்பு உண்டு. நாடுகளை ஒப்பிட அருமையான தொகுப்பு. ஆனால் அதன் கடைசி ஆண்டு எண்ணை எடுத்து 2050 வரை இழுப்பது பெரிய தவறு.

முதல் இரண்டு ஆண்டுகளின் எண்ணில் வட்டி விகிதம், ஏற்றுமதி, பட்ஜெட் போன்ற நடப்புத் தகவல்கள் கலந்திருக்கும். ஐந்தாம் ஆண்டுக்குப் போனால் மிஞ்சுவது பெரும்பாலும் ஓர் அனுமானம்: பொருளாதாரம் தன் இயல்பு வேகத்துக்குத் திரும்பிவிடும் என்பது. நெருக்கடி எதுவும் அதில் தெரியாது. 2023 ஏப்ரல் பதிப்பில் இலங்கைக்கு 2023–28 கணிப்புகள் சில இல்லை; கடன் மறுசீரமைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் வெளியிடவில்லை. எண் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் சில கட்டங்கள் காலியாக இருந்தன.

ஆண்டுக்கு 5% வளர்ந்தால் 25 ஆண்டுகளில் பொருளாதாரம் 3.4 மடங்காகும், 7% என்றால் 5.4 மடங்கு. விகிதத்தில் இரண்டு புள்ளி பிசகினால் முடிவு அறுபது சதவீதம் மாறிவிடுகிறது. வேகமும் நிலையாக நிற்பதில்லை. 1970களில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த பிரேசில், கடன் நெருக்கடியில் சிக்கிய 1981–90இல் சராசரியாக 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) அளவுகளைப் பழைய பதிப்போடு ஒப்பிடும்போது கவனம் தேவை. கணக்கிட ஒப்பீட்டுக்கு எடுக்கும் அடிப்படை ஆண்டைத் திருத்தியதும் கானாவின் ஜிடிபி 2010இல் சுமார் 60%, நைஜீரியாவினுடையது 2014இல் சுமார் 89% உயர்ந்தது. கணக்குதான் மாறியது, உற்பத்தி அல்ல. வளர்ச்சி விகிதங்களை மட்டும் ஒப்பிடுங்கள். இந்தியாவுக்கு ‘2024’ என்றால் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை என்பதும் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

பழைய பதிப்புகள் அதே தளத்தில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலம். ஒரு நாட்டுக்குப் பத்துப் பதிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாம் ஆண்டுக் கணிப்பைக் குறியுங்கள். அந்த ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பிலிருந்து உண்மை வளர்ச்சியை எடுத்து, கணிப்பிலிருந்து கழியுங்கள். சராசரி வித்தியாசம், கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். வித்தியாசங்களின் பரவல், இன்றைய எண்ணுக்கு இருபுறமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைச் சொல்லும். 2020ஐச் சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை கணக்கிடுங்கள். பெருந்தொற்று ஆண்டு ஒன்றே சராசரியைப் புரட்டிப் போட்டுவிடும்.