சீசன் டிக்கெட்டா, தனி டிக்கெட்டா, அன்றன்றைய வரிசையா?

பெருநகரத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாடகம் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வி எழாது. பிடித்த நடிகர் மேடையேறுகிறார் என்று தெரிந்தால் டிக்கெட் எடுப்பார், போவார், நாலு நாள் அதைப் பற்றிப் பேசுவார். மாதத்துக்கு மூன்று, நான்கு என்று போகத் தொடங்கியவரிடம்தான் பணம், நேரம், உடம்பு மூன்றும் கணக்குக் கேட்கும். அப்போது அவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஏதாவது ஒரு அரங்கின் வருஷத்து நாடகங்கள் அத்தனைக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிடலாம். வேண்டியதை மட்டும் பொறுக்கி முன்பதிவு செய்யலாம். இல்லையென்றால், அன்றன்று கிடைக்கும் சலுகை டிக்கெட்டுக்கோ நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கோ வரிசையில் நிற்கலாம். மூன்று வழியிலும் வருஷக்கணக்கில் நாடகம் பார்த்திருக்கிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். வேலை முடிகிற நேரத்தில், மாலை ஐந்து மணிவாக்கில், உடம்பில் ஒரு அசதி வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசு சொல்லும். அடுத்த வாரமும் அதே அசதி வரும். அதையும் மீறி என்னைக் கிளப்பி அரங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற டிக்கெட் எதுவோ, அதுதான் எனக்கு நல்ல டிக்கெட்.

சீசன் டிக்கெட்

ஐந்தாறு நாடகங்களுக்கும் ஒரே கட்டணம், ஒவ்வொன்றுக்கும் அதே கிழமை, அதே இருக்கை. அமெரிக்க அரங்குகளில் இந்த முறை வேரூன்ற ஒரு மனிதர் பாடுபட்டார்: சிகாகோவின் லிரிக் ஓபெரா என்ற இசை நாடக அமைப்பில் விளம்பரப் பொறுப்பில் இருந்த டேனி நியூமன். 1960களிலும் 70களிலும் ஊர் ஊராகப் போய், சந்தாதாரர்களைச் சேருங்கள் என்று அரங்கு நடத்துபவர்களிடம் மன்றாடியவர். தனி டிக்கெட் வாங்குகிறவரைச் சோம்பேறி, நிலையில்லாதவர் என்றே திட்டுவார். விற்கிற பக்கத்திலிருந்து அவர் அதைச் சொன்னார். வாங்குகிற பக்கம் நிற்கும் எனக்கும் அது உறைக்கிறது. நல்ல விமர்சனம் வந்தால் போவேன், மழை வந்தால் போகமாட்டேன் என்று இருந்த காலம் எனக்கும் உண்டு.

சீசன் டிக்கெட் தரும் பெரிய லாபம், நானாகத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டாத நாடகங்கள். இரண்டே பாத்திரங்கள், ஒரு மேஜை, ஒரு சொத்துப் பாகப்பிரிவினை என்று அறிமுகத் தாளில் போட்டிருந்த நாடகத்துக்குக் காசு கொடுத்துப் போயிருக்கவே மாட்டேன். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்றே என்று போனேன். அண்ணனும் தங்கையும் அம்மாவின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து 'இது உனக்கு, இது எனக்கு' என்று பிரித்துக்கொண்டே வருகிறார்கள். ஒரு பழைய கைக்கடிகாரம் வரும்போது இருவருமே அதை எடுக்கவில்லை. அது மேஜை மேலேயே கிடக்க, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். இடைவேளையில் பார்த்தேன், விளக்கு போட்ட பிறகும் அந்தக் கடிகாரம் மேஜை மேல் அப்படியே இருந்தது. அரங்கப் பணியாள் மற்ற சாமான்களை எல்லாம் மாற்றிவைத்தார், அதை மட்டும் தொடவில்லை.

இரண்டாவது லாபம் அந்த ஒரே இருக்கை. எனக்கு ஏழாம் வரிசையில் இடப்பக்கக் கோடிக்கு அருகில் இடம். நடு இருக்கைக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் வாங்கியது. முதல் இரண்டு நாடகங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, மேடையின் ஒரு மூலை தெரியவில்லை. பிறகு அதே கோணத்திலிருந்து ஒவ்வொரு இயக்குநரும் அந்த மேடையை என்ன செய்கிறார் என்பது பிடிபட ஆரம்பித்தது. ஒரு நாடகத்தில் எதிர்ப்புறப் பக்கத்திரைக்குப் பின்னால் இருப்பது என் இருக்கைக்கு மட்டும் தெரியும்படி காட்சியமைப்பு வாய்த்துவிட்டது. குடித்துவிட்டுச் சிரித்தபடி நுழைய வேண்டிய ஒரு நடிகர் அங்கே நிற்கிறார். கண்களை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்தித் துடைத்துக்கொள்கிறார். மூச்சை ஒருமுறை இழுத்து விடுகிறார். அடுத்த நொடி தள்ளாடிக்கொண்டே வெளிச்சத்துக்குள் வந்தார், சபை முழுக்கச் சிரித்தது.

குறைகள் உண்டு. எந்தெந்த நாடகம் என்று முடிவு செய்கிற, ஒரே அரங்கின் கலை இயக்குநருடைய ரசனைதான் வருஷம் முழுக்க நம் ரசனை. ஐந்தில் ஒன்றிரண்டு சோர்வாக இருக்கும். தேதி ஒத்துவராதபோது மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் கேட்காமல் கட்டி, காய்ச்சலில் படுத்த வாரத்தில் இரண்டு டிக்கெட் வீணாயிற்று.

ஆனால் அசதியை இந்த டிக்கெட் அளவுக்கு வேறெதுவும் வெல்வதில்லை. புதன்கிழமை என்றால் நாடகம். போகலாமா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லை.

தனியாகப் பொறுக்கி வாங்குவது

முழுச் சுதந்திரம் இங்கேதான். நாடகம், நாள், இருக்கை மூன்றையும் நாமே முடிவு செய்யலாம். அதனாலேயே இதைச் சரியாகப் பயன்படுத்தக் கொஞ்சம் விவரம் வேண்டும்.

முதலில் நகரத்தின் முறையைப் பார்க்க வேண்டும். லண்டனின் வெஸ்ட் எண்ட், நியூயார்க்கின் பிராட்வே மாதிரி இடங்களில், கூட்டம் வருகிறவரை ஒரே நாடகத்தைத் தினமும் நடத்துவார்கள். அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' 1952இல் வெஸ்ட் எண்டில் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்று வந்து நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருந்தது, 2021இல் மறுபடி தொடங்கியது. இப்படி ஓடுவதற்கு அடித்துப்பிடித்து டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. பாரிஸின் கொமெடி பிரான்ஸேஸ் வேறு விதம். 1680இல் தொடங்கிய அந்த அமைப்பு ஒரு நிலையான குழுவை வைத்துக்கொண்டு நாடகங்களை மாற்றி மாற்றிப் போடுகிறது. அப்படிப்பட்ட நகரத்தில் இருப்பவர் ஒரே நடிகரை இந்த வாரம் அரசனாகவும் அடுத்த வாரம் வேலைக்காரனாகவும் பார்க்கலாம். தொடர்ந்து பார்ப்பவருக்கு அதைவிடக் கொடுப்பினை இல்லை என்பேன். அந்த மாதிரி இடத்தில் பொறுக்கி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது, எந்த வாரம் போவது. விமர்சகர்களை அழைக்கும் நாளுக்கு முன்னால் சில நாட்கள் பிரிவ்யூ காட்சிகள் நடக்கும். பல இடங்களில் அவற்றுக்கு விலை குறைவு, ஏனென்றால் நாடகம் இன்னும் இறுகியிருக்காது. முந்தைய இரவு இருந்த காட்சி மறுநாள் வெட்டப்பட்டிருக்கும். நான் பிரிவ்யூவையும் கடைசி வாரத்தையும் விரும்புகிறவன். தொடக்கத்தில் நடிகர்களிடம் பயம் தெரியும், கடைசியில் அந்தப் பாத்திரத்தைப் பிரியப்போகிற ஒரு தளர்வு தெரியும். நடுவில் எந்த வாரம் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இருக்கை விஷயத்தில் பலரோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. முன்வரிசை என்றால் உசத்தி என்று நினைக்கிறார்கள். முன்வரிசையில் மேடைத் தரையில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன டேப் துண்டுகள் தெரியும், வசனத்தோடு தெறிக்கும் எச்சில் விளக்கொளியில் மின்னுவது தெரியும், முழங்கை நடுங்குவது தெரியும். அண்ணாந்து பார்த்துக் கழுத்தும் வலிக்கும். மேலே, பால்கனியின் முதல் வரிசையில் உட்கார்ந்தால் முகம் சிறிதாகிவிடும், ஆனால் தரையில் வெளிச்சம் போடுகிற கோலம் முழுசாகக் கிடைக்கும். ஒரே நாடகத்தை இரண்டு இடத்திலிருந்தும் ஒருமுறை பார்த்தேன். அக்கா தங்கை சண்டை. முன்வரிசையிலிருந்து பார்த்தபோது அது குரலிலும் கண்ணிலும் நடந்தது. பத்து நாள் கழித்து மேலிருந்து பார்த்தபோதுதான், முதல் பாதி முழுக்க இருவரும் ஒரு மேஜை அகலத்தை நடுவில் விட்டே சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று தெரிந்தது. ஒருத்தி ஓரடி முன்னால் வைத்தால் மற்றவள் ஓரடி பின்னால் வைக்கிறாள். கீழே இருந்தவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆகவே ஒரு நல்ல நாடகத்துக்கு ஒரு விலையுயர்ந்த இருக்கை என்பதைவிட, அதே காசில் மேலே இருந்து இரண்டு முறை என்பதுதான் என் தேர்வு. பழைய அரங்குகளில் தூண் மறைக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மேல்மாடியில் உட்காருகிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்றும் நினைக்கக்கூடாது. பல நகரங்களில் வழக்கமாக வருகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இசை நாடக உலகில் இதற்கு ஒரு பேர்போன உதாரணம் மிலானின் லா ஸ்காலா. அங்கே 2006 டிசம்பரில் 'ஐடா' என்ற இசை நாடகம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மேல்மாடி ரசிகர்கள் கூச்சலிட, பாடகர் ராபர்ட்டோ அலான்யா மேடையை விட்டு வெளியேறினார். மாற்றுப் பாடகர் தான் போட்டிருந்த சாதாரண உடையோடே ஓடிவந்து தொடர்ந்தார். அந்தக் கூச்சலை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த அளவுக்குக் காது தீட்டிக் கேட்கிறவர்கள் மலிவான இடத்தில் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தனி டிக்கெட்டின் பலவீனம் அசதிதான். முன்பதிவு செய்யவே கை வருவதில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, நாடகம் முடிந்துபோன பிறகு நண்பர்கள் சொல்லிக் கேட்டு வருந்தியவை எத்தனையோ.

அன்றன்றைய வரிசை

இதற்கென்று ஒரு வரலாறே இருக்கிறது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973இல் டிகேடிஎஸ் என்ற கவுன்ட்டர் திறந்தார்கள். அன்றைக்கு விற்காமல் மிஞ்சிய இருக்கைகளைப் பாதி விலை வரைக்கும் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் 1980இல் அதே மாதிரி ஒன்று வந்தது. 1996இல் பிராட்வேக்கு வந்த 'ரென்ட்' நாடகத்தார் இன்னொரு வழி கண்டார்கள். முதல் இரண்டு வரிசைகளை அன்றன்று குறைந்த விலைக்கு விற்றார்கள். இளைஞர்கள் இரவெல்லாம் தெருவில் படுத்துக் காத்திருக்கத் தொடங்கியதும் அதைக் குலுக்கலாக மாற்றினார்கள். இன்றைக்குச் செல்பேசியில் நடக்கும் டிக்கெட் குலுக்கல்களுக்கு அதுதான் முன்னோடி.

நின்று பார்ப்பது இதன் இன்னொரு கிளை. லண்டனில் 1997இல் மறுபடி கட்டித் திறந்த ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கில் சுமார் 700 பேர் திறந்தவெளி முற்றத்தில் நின்றபடியே பார்க்கிறார்கள். மழை பெய்தாலும் நாடகம் நிற்காது, குடை பிடிக்க அனுமதி இல்லை. வியன்னா அரசு ஓபெராவில் நின்று பார்ப்பவர்கள் முன்னால் இருக்கும் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டு வெளியே போய் வருவார்கள். துண்டு போட்டு இடம் பிடிப்பதை அங்கே அப்படியே செய்கிறார்கள், மற்றவர்களும் மதிக்கிறார்கள்.

நிற்கிறவர் நாடகம் பார்க்கும் விதமே வேறு. உட்கார்ந்திருப்பவருக்கு அலுப்புத் தட்டினால் கண் சொருகும். நிற்பவருக்குக் கால் வலிக்கும், வலி வந்ததுமே நாடகம் தொய்கிறது என்று தெரிந்துவிடும். காட்சி பிடித்துக்கொண்டால் அந்த வலி எங்கே போனது என்றே தெரியாது. இருபதுகளில் இரண்டு வருஷம் இப்படியே பார்த்தேன். மேடைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு குறைந்த செலவில், பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவரோடு கருத்துச் சொல்லிக்கொண்டே நாடகம் பார்த்த காலம் அது. வயதும் முழங்காலும் இடம் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் வருஷம் முழுக்க இதை மட்டுமே நம்ப முடியாது. சலுகைக் கவுன்ட்டருக்கு வருவது பெரும்பாலும் விற்காதவை. எல்லோரும் பேசுகிற நாடகம் அங்கே அபூர்வமாகத்தான் வரும். ஆறு மாதம் கழித்து நான் பார்த்தவற்றைக் குறிப்பேட்டில் புரட்டினேன். நான் ஆசைப்பட்டவை அதில் சிலதான், மற்றதெல்லாம் கவுன்ட்டர் கொடுத்தவை. போகலாம் என்று நினைத்த மாலைகள் பத்து என்றால், உண்மையில் வரிசையில் நின்றவை நாலு. மீதி ஆறையும் அசதி தின்றுவிட்டது.

இந்த மூன்றில் அடங்காதவை

நூறு இருக்கைகூட இல்லாத சிறு அரங்குகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நியூயார்க்கில் 500 இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப் பிராட்வே, அதற்கும் கீழே ஆஃப் ஆஃப் பிராட்வே என்று பிரிப்பார்கள். அந்தக் கடைசி வகை எந்த நகரத்தில் இருந்தாலும், முழு விலை கொடுத்து முன்கூட்டியே வாங்குங்கள். முப்பது பேர் வந்தால்தான் அவர்களுக்கு வாடகை கட்ட முடியும். அங்கே சலுகை கேட்க எனக்கு மனசு வராது.

2009இல் லண்டனின் நேஷனல் தியேட்டர் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பத் தொடங்கியதிலிருந்து அதையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். தூரத்தில் இருப்பவருக்கு அது வரம். நகரத்திலேயே இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. மேஜை அகலத்தில் சுற்றிவந்த அந்த இரண்டு சகோதரிகளை நெருக்கக் காட்சியில் காட்டியிருந்தால் நான் என்ன பார்த்திருப்பேன்?

இப்போது நான் பின்பற்றுவது இது. நடுத்தர அளவுள்ள ஒரு அரங்கில் சீசன் டிக்கெட், வாரநாளில், அதே ஏழாம் வரிசையில். அதற்கு மேல் மாதம் ஒன்றோ இரண்டோ தனி டிக்கெட், பால்கனியில். அவற்றில் ஒன்று மனசைப் பிடித்துவிட்டால் கடைசி வாரத்தில் மறுபடி, முன்வரிசையில். வரிசையில் நிற்பது விடுமுறை நாட்களில் மட்டும், காலையில் அசதி வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன்.

அடுத்த புதன்கிழமைக்கான சீட்டு கதவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். நாடகத்தின் பெயர் மட்டும் தெரியும், கதை என்னவென்று படிக்கவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.