சேலத்து வக்கீல், வங்காளத்து ஆளுநர்: ராஜாஜி பற்றிய ஓர் ஒலித்தொடர்

சந்தா செலுத்திக் கேட்கும் செயலி ஒன்றில் ராஜாஜியின் வாழ்க்கையைப் பத்துப் பகுதிகளாகச் சொல்லும் தமிழ் ஒலித்தொடர் வெளியாகியுள்ளது. முழுவதையும் கேட்ட பின், அதன் சிறந்த பகுதிகள் கல்கத்தாவைப் பற்றியவை என்றும், பெருங்குறை சேலத்தைப் பற்றியது என்றும் சொல்வேன்.

1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது அதைத் துறக்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ராஜாஜி வழக்கறிஞராக இருந்தார். இந்தக் காலத்துக்குத் தொடர் ஒதுக்கியிருப்பது ஒரே பகுதி. அதிலும் பாதி நேரம் தொரப்பள்ளியில் கழிந்த இளமைக்குப் போய்விடுகிறது. விடுதலைப் போராட்ட வீரர் வரதராஜுலு நாயுடுவுக்காக அவர் ராஜத்துரோக வழக்கில் வாதாடியதும், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்ததும் போகிற போக்கில் சொல்லப்படுகின்றன. பிற்கால ராஜாஜியைப் புரிந்துகொள்ள நீதிமன்றப் பழக்கம்தான் திறவுகோல் என்பதால், இந்த அவசரம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஏழாம், எட்டாம் பகுதிகள் வேறு தரம். 1947 ஆகஸ்ட் 15 அன்று மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றவரை அந்த மாநிலத்தில் பலர் விரும்பவில்லை. சுபாஷ் சந்திர போஸை எதிர்த்தவர், 1942-இன் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சேராதவர், பிரிவினைக்கு முன்பே ஜின்னாவுடன் சமரசம் பேசச் சொன்னவர் என்ற கோபம் அங்கே இருந்தது. சுபாஷின் அண்ணன் சரத் சந்திர போஸ் வெளிப்படையாகவே இந்த நியமனத்தை எதிர்த்தார். இவற்றையெல்லாம் மழுப்பாமல் சொல்வது பாராட்டத்தக்கது.

செப்டம்பர் முதல் நாள் இரவுக் காட்சிக்காகவே இத்தொடரைக் கேட்கலாம். கலவரம் மீண்டும் மூண்டதால் காந்தி உண்ணாவிரதம் இருக்க முடிவெடுக்கிறார். குண்டர்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருக்க முடியுமா என்று ஆளுநர் வாதிடுகிறார். வாதம் எடுபடாமல் போகவே, காந்தியின் அறிக்கையை வாங்கிப் படிக்கும் ராஜாஜி, தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்த இடத்தில் நின்று, இறைவனிடம் முழுமையாக ஒப்படைத்துக்கொள்பவருக்கு அந்தச் சாறு எதற்கு என்று கேட்கிறார். காந்தி அதை ஒப்புக்கொண்டு, அந்தச் சொற்களை நீக்கிவிடுகிறார். எதிர்த்தரப்பு ஆவணத்தை வரி வரியாகப் படித்துப் பழகிய வக்கீலின் கண் அது. கதைசொல்லி இவ்விடத்தில் குரலை உயர்த்தாமல் வாசித்திருப்பது நல்ல தேர்வு; பின்னணியில் விடாமல் ஒலிக்கும் வீணையைத்தான் யாராவது நிறுத்தியிருக்கலாம்.

1948-இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானதைப் பற்றிய பகுதி பெரும்பாலும் விழாக்களின் பட்டியலாக இருக்கிறது. 1952-ஐ விவரிக்கும் பகுதியில் சுவாரசியம் திரும்புகிறது: சென்னை மாநிலத் தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சியமைக்க அழைத்தார். தேர்தலில் நிற்காமலேயே ஒருவர் முதலமைச்சராவது முறைதானா என்று அன்று எழுந்த கேள்வி இன்றும் தீரவில்லை. ஆளுநராக இருந்த ஒருவரே இன்னோர் ஆளுநரின் விருப்புரிமையால் பதவிக்கு வந்த இந்த முரணைத் தொடர் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுத்து வடிவம் தரப்படவில்லை என்பதால், குறிப்பெடுக்க விரும்பும் மாணவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு மாதச் சந்தாவே இதற்குப் போதும். ஏழாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.