பார்த்தெழுதலா, சொல்வதெழுதலா?

தரம் 3 பிள்ளையிடம் ஒரு சொல்லைப் பத்து முறை பார்த்தெழுதச் சொன்னால், முதல் எழுத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் எழுதிவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு வரும். கொப்பி நிறையும், சொல் மனதில் நிற்காது. இரண்டாம் வரியில் 'மழை' 'மலை'யானால் கடைசிவரை மலைதான். (இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.) பார்த்தெழுதல் கையெழுத்துத் திருந்த உதவும், அதற்கு மூன்று முறை போதும்.

சொல்வதெழுதலுக்கு ஐந்து சொல் எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்து, ஒரு வசனத்தில் வைத்தும் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் 'மனமா', 'மணமா' என்று பிள்ளை தடுமாறும். பிழைவிட்ட சொல்லை ஒருமுறை பார்த்து, மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதட்டும். சிக்கல், வாசிக்க ஆள் வேண்டும். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன அம்மா திரும்பும்வரை காத்திராமல், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தரம் 6 படிக்கும் அக்காவிடம் கொப்பியைக் கொடுக்கலாம்.