மேற்கு பார்த்த பால்கனிக்கு செடி: ஈசிஆர் ரோட்டோர நர்சரி ஒண்ணுல வாங்கின அனுபவம்

வீடு சென்னை வேளச்சேரில மூணாவது மாடி, பால்கனி மேற்கு பார்த்தது, மத்தியானம் ஒரு மணிக்கு மேல சாயங்காலம் வரைக்கும் வெயில் நேரா வந்து அடிக்கும். போன வருஷம் பக்கத்துக் கடை ஒண்ணுல பூத்துக் குலுங்குதேன்னு அஞ்சு ஹைபிரிட் ரோஸ் வாங்கினேன், கத்திரி முடியறதுக்குள்ள அஞ்சும் கருகிப்போச்சு. இங்க விக்கிற ரோஸ்ல நிறைய ஓசூர், பெங்களூரு பக்கம் வளந்து வர்றது, அந்தக் குளிர்ச்சிக்குப் பழகினது, அதை அன்னிக்கு யாரும் எனக்குச் சொல்லல, ரொம்ப மனசு கஷ்டமா போச்சு.

இந்த ஆடில ஈசிஆர்ல ஒரு ரோட்டோர நர்சரிக்குப் போனேன். அங்க இருந்த அண்ணா முதல்லயே கேட்டது "பால்கனி எந்தப் பக்கம்மா, எத்தன மணி நேரம் வெயில், ஊத்தறது மெட்ரோ தண்ணியா போர் தண்ணியா?" மேற்குன்னு சொன்னதும் நான் கைல எடுத்து வச்சிருந்த ரோஸை வாங்கி ஓரமா வச்சிட்டாரு. கடைசில எடுத்தது போகன்வில்லா ரெண்டு, இட்லிப்பூ ரெண்டு, நந்தியாவட்டை, செம்பருத்தி, டேபிள் ரோஸ் (பத்து மணிப் பூ, ரோஜா இல்ல). ஏழு செடி, தொட்டி, மண்ணு எல்லாம் சேத்து 2,150 ரூபாய், டெலிவரிக்குத் தனியா 300.

சிமெண்ட் தொட்டி கேட்டேன், மாடிக்கு வேணாம்னுட்டாரு, 12 இன்ச் தொட்டில மண்ணு நனஞ்சாலே 20 கிலோ தாண்டிரும், அதுக்கு மேல தொட்டி வெயிட்டும் சேரும்னு சொல்லி பிளாஸ்டிக்தான் குடுத்தாரு. நர்சரில செடி எல்லாம் பச்சை வலைக்குக் கீழ நிக்குது, அதனால ஒரு வாரம் ஹால் ஜன்னல் பக்கம் வச்சிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு மாத்தச் சொன்னாரு, அப்படியே செஞ்சேன், ஒண்ணு கூட வாடல.

எனக்கு அவர் மேல மதிப்பு வந்தது ரெண்டாவது மாசம்தான். இட்லிப்பூவோட புது இலை எல்லாம் மஞ்சளாயிடுச்சு, நரம்பு மட்டும் பச்சையா இருந்துச்சு. போட்டோ அனுப்பினேன், உடனே கூப்பிட்டு "ஆர்ஓ வேஸ்ட் தண்ணி ஊத்துறீங்களாம்மா?"ன்னாரு. ஆமா, குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு அதைத்தான் ஊத்திட்டு இருந்தேன். அதுல உப்பு ஜாஸ்தி, நம்ம போர் தண்ணியும் அப்படித்தான், மண்ணுல காரத்தன்மை ஏறிட்டா இட்லிப்பூவால இரும்புச்சத்தை எடுக்க முடியாதாம். ஏசில இருந்து சொட்டுற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு ஊத்தச் சொன்னாரு, அதுல உப்பே கிடையாது, கூடவே இரும்புச்சத்து மருந்து கொஞ்சம். இப்ப வர்ற தளிர் எல்லாம் நல்ல பச்சை. வித்து முடிச்ச செடிக்கு இவ்ளோ பொறுமையா பதில் சொல்ற கடைய நான் பார்த்ததில்ல.

போகன்வில்லாவுக்கு தினம் தண்ணி ஊத்தினா இலையாத்தான் வரும், மேல்மண்ணு நல்லா காய விட்டு ஊத்தணும், மூணு வாரத்துல பால்கனிக் கம்பி தெரியாத அளவுக்கு ராணி கலர். நந்தியாவட்டை எந்த வம்பும் பண்ணாம நிக்குது, வெள்ளைப்பூ காலைல பூஜைக்கு ஆகுது.

குறையும் இருக்கு. செம்பருத்தி இலைக்கு அடில மாவுப்பூச்சியோடவே வந்துச்சு, பத்து நாள்ல பக்கத்துச் செடிக்கும் பரவி, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து வாராவாரம் அடிச்சுத்தான் நின்னுச்சு, அதனால வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பாத்துருங்க. அவங்க குடுக்கிற மண்ணும் வெறும் செம்மண்ணு மாதிரி இறுகிப்போகுது, நான் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் சேத்து மாத்தி வச்சேன். ஞாயித்துக்கிழமை போனா கூட்டத்துல அவரால பேச முடியாது, வார நாள் காலைல போங்க.

குண்டுமல்லியும் கேட்டேன். "இப்ப எடுக்காதீங்கம்மா, தைல வாங்க, கவாத்து பண்ணின, அதாவது கிளை வெட்டிவிட்ட செடியா தர்றேன், பங்குனில மொட்டு வைக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாரு. டேபிள் ரோஸ் பக்கத்துல அதுக்கு ஒரு தொட்டி இடம் காலியா விட்டு வச்சிருக்கேன்.